விடுதலையான தாய்க்கு வேலை எங்கே?

டெய்ஸி-மே ஹட்சன் இயக்கிய 'லாலிபாப்' என்ற பிரிட்டிஷ் திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். நான்கு மாதச் சிறைவாசம் முடிந்து வெளியே வரும் மாலி, அரசின் பராமரிப்பில் இருக்கும் தன் இரு பிள்ளைகளைத் திரும்பக் கேட்கிறார். வீடில்லாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க இயலாது என்கிறது ஒரு துறை. பிள்ளைகள் உடன் இல்லாதவருக்குக் குடும்ப வீடு ஒதுக்க இயலாது என்கிறது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் விதிப்படி சரி. சேர்த்துப் பார்த்தால் அநீதி.

இந்த முடிச்சு நமக்கும் புதிதல்ல. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களுள் 1,537 பேர் தம் 1,764 குழந்தைகளுடன் சிறையில் இருந்தனர். ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அந்த வயதைக் கடந்து, உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளரும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வீடு வேண்டும். வீட்டுக்கு வருமானம் வேண்டும். மகளிர் உரிமைத் தொகையோ குடும்ப அட்டை ஒன்றுக்கு ஒருவருக்குத்தான். புகுந்த வீடு கதவடைத்து, பிறந்த வீட்டு அட்டையில் அண்ணி பயனாளியாக இருந்தால் இவருக்கு அதில் இடமில்லை. சுயஉதவிக் குழுக் கடனுக்கு அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையே பிணை. சிறை சென்றவர் முதலில் இழப்பது அதைத்தான்.

சென்னை புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையத்தை 2023இல் தமிழக அரசு திறந்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், ஒரு கேள்வி எழுகிறது. கைதியாக இருக்கும்போது பணத்தை எண்ணும் பொறுப்பை நம்பி ஒப்படைக்கிறோம். தண்டனை முடித்த அதே பெண்ணை நம்பி வேலை தருவது யார்?

எங்கள் மார்த்தாண்டம் வட்டாரத்து முந்திரி ஆலைகள் பெண்களின் கைகளால் இயங்குபவை. பருப்பின் தோலை உரிக்கும் கைக்கு நன்னடத்தைச் சான்று தேவையில்லை. ஆயினும், அருகில் அமர்ந்து வேலை செய்பவர் 'இத்தனை காலம் எங்கே இருந்தாய்?' என்று கேட்பார். ஆலை முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறியாத இடரைத் தனியொருவராக ஏற்க எவரும் தயங்குவர். அந்த இடரை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நான் படித்த பொருளியல் சொல்லும் தீர்வு.

விடுதலையான பெண்ணுக்கு வேலை தருவோருக்கு ஓராண்டு காலம் ஊதியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். சிறைத் துறை நிலையங்களிலேயே விடுதலைக்குப் பின்னும் சில மாதங்கள் பணி நீட்டிப்பு தரலாம். வாசலைத் தாண்டும் நாளிலேயே தனிக் குடும்ப அட்டைக்கான விண்ணப்பமும், உழைத்த கூலி சேர்ந்த வங்கிக் கணக்கும் அவர் கையில் இருக்கட்டும். கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேரே. இதற்காகும் செலவு கருவூலத்துக்குச் சுமையாகாது.

குற்றமே செய்யாத எத்தனையோ பெண்கள் வேலையின்றி இருக்க, இவர்களுக்கு ஏன் சலுகை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. ஊரும் சந்தையும் விதிக்கும் தண்டனைக்கு அது இல்லை. அதை அனுபவிப்பவர்களில் எந்தக் குற்றமும் செய்யாத ஒரு பிள்ளையும் இருக்கிறது.