பந்தியில் விடுபட்டவர்கள்

“உங்களைப் பிரதர் என்று கூப்பிடுவதா, ஃபாதர் என்று கூப்பிடுவதா?” பேத்தமங்களாவில் நான் நுழைந்த முதல் வீட்டிலேயே எழுந்த கேள்வி இது. திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டு அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. குருமட மாணவன் பிரதர். குருவானவர் ஃபாதர் அல்லது சாமி. நடுவில் நிற்பவனுக்கு நம் மக்களிடம் பெயர் இல்லை.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். திருத்தொண்டர் நற்செய்தி வாசிக்கலாம், பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணம் நடத்தி வைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். பூசை வைக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. குருவாகப் போகிறவர் குறைந்தது ஆறு மாதம் இந்நிலையில் பணியாற்ற வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அதனால் பலரும் இதை ரயிலுக்குக் காத்திருக்கும் நேரமாகவே எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு பாட்டி படுக்கையில் இருந்தார். கணவர் தங்கச் சுரங்கத்தில் உழைத்து மறைந்தவர். பாட்டி அவஸ்தைப் பூசுதல் கேட்டார். “அதற்குப் பங்குச் சாமிதான் வரவேண்டும் பாட்டி” என்றேன். “அப்போ நீ என்னதான் செய்வே?” என்றார். பதில் தெரியாமல் ஜெபப் புத்தகத்தைப் பிரித்துக் கன்னடத்தில் தொடங்கினேன். என் தாத்தாவும் சுரங்கத் தொழிலாளிதான். ஆனால் நான் படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பாட்டி கையசைத்து நிறுத்தினார். தாமே தமிழில் மனப்பாடமாக ஜெபம் சொன்னார். நான் பதில் சொன்னேன். ஜெபிக்கப் போனவன் ஜெபம் கற்றுத் திரும்பினேன்.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை மீண்டும் படித்தேன். எருசலேமில் குடியேறியிருந்த கிரேக்க மொழி பேசும் யூதர்கள் முறையிடுகிறார்கள்: அன்றாடப் பந்தியில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை! உள்ளூர் மொழி பேசியவர்கள் மீதான முறையீடு அது. அதைத் தீர்க்கவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்களின் மொழிக்காரர்களிடமே பந்தியை ஒப்படைத்திருக்கிறார்கள் போலும். திருத்தொண்டர் பணியின் தொடக்கத்தைத் திருச்சபை மரபு இங்கேதான் காண்கிறது. அதாவது, புலம்பெயர்ந்த மூதாட்டிகளின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பிறந்த பணி இது.

இந்தக் கதை நமக்குப் புரியாததா? 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால் வைத்த பிறகு, வடஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து நம்மவர்கள் சாரை சாரையாக வந்து சேர்ந்தார்கள். பாலாற்றங்கரைப் பேத்தமங்களாவிலிருந்து குழாயில் போன தண்ணீர்தான் சுரங்கக் காலத்தில் தங்கவயலின் தாகம் தீர்த்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். பகலில் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் முதியவர்களே.

இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். வழிபாட்டில் எந்த மொழி என்ற வாக்குவாதம் கர்நாடகக் கத்தோலிக்கருக்குப் புதிதல்ல. கோவிலில் தமிழ் வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் கோவில் பீடத்தில் தமிழ் கேட்கும் நாம், வீட்டில் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறோமா? படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வீட்டில் யாருக்காவது தெரியுமா? என் வீட்டில் தெரியவில்லை. அதன் விளைவு நான்தான்.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். தங்கவயலில் நாம் பெருந்தொகையினர். நம் பந்தியில் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஏழைக் குடும்பங்களை நம் விழாக் கமிட்டிகளில் எத்தனை முறை அழைத்திருக்கிறோம்? முறையிடும் உரிமை நமக்கு உண்டு என்றால், பிறர் முறையீட்டைக் கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

புதிதாக வரும் திருத்தொண்டரை மேடையில் உட்கார வைத்து மாலை போடாதீர்கள். தெருவில் யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்று சொல்லி, உடன் ஓர் ஆளையும் அனுப்புங்கள். அந்த ஆறு மாதத்துக்கு அதைவிட நல்ல வேலை வேறில்லை.

இப்போது வாரம் இருமுறை அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகிறேன். நான் தமிழில் வாசிக்கிறேன். அவர் பிழை திருத்துகிறார். பிரதரா ஃபாதரா என்று அங்கே யாரும் இப்போது கேட்பதில்லை.