அத்தைக்கு ஒரு டிக்கெட், காலுக்கு ஒரு டிக்கெட்!

என் அத்தைக்குச் சக்கரம் புதிதல்ல. 1991-92-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், புதுக்கோட்டை மாவட்டமே அறிவொளி இயக்கத்தில் 'அ, ஆ' எழுதியது. கூடவே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. 'ஜென்ட்ஸ் சைக்கிளே குடுங்கப்பா' என்று ஏறி உட்கார்ந்தவர்களில் அத்தையும் ஒருவர். முன்னாடி பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! அந்தப் பிள்ளை, அடியேன்.

அந்த அத்தையின் இடது காலை இரண்டு வருஷம் முன்பு சர்க்கரை வியாதி முழங்காலோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலி.

போன மாதம் திருச்சியில் கல்யாணம். "அம்பது கிலோமீட்டர்தானேடா... பஸ்லயே போயிடலாம். காருக்கு எதுக்குக் காசைக் கொட்டுறே?" என்றார். நான் பி.காம். சிக்கனம் என்றால் மயங்கிவிடுவேன்.

பஸ்ஸின் முதல் படியே என் முழங்கால் உயரம். நானும் இரண்டு காலேஜ் பையன்களும் அத்தையைத் தூக்கி உள்ளே வைத்தோம். புடவையை இழுத்து விட்டுக்கொண்டே வந்த அத்தை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் என்னவோ செய்தது.

கண்டக்டர் வந்தார். மடக்கி வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"சார், இதுக்கு லக்கேஜ் போடணும்."

"அது லக்கேஜ் இல்லைங்க. அவங்க கால்!"

"காலை இப்படி மடக்கி மூலையில வைப்பாங்களா சார்?"

ஆளை ஒரு கணக்கிலும் அவர் காலை இன்னொரு கணக்கிலும் எழுதுகிற பேரேட்டை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் விழித்தேன். அத்தைதான் வாயைத் திறந்தார்.

"போட்டுக் குடு தம்பி. ஆனா காலுக்கு டிக்கெட் வாங்கினா, காலுக்கு ஒரு சீட்டும் குடுக்கணும். ஜன்னலோரமா!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, டிக்கெட் போடாமலே நகர்ந்தார்.

பஸ், ரயிலெல்லாம் சக்கர நாற்காலிக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று 1995-லேயே சட்டம் வந்தது. 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் அதில் உண்டு. 2016-ல் வந்த புதுச் சட்டம் பழைய வண்டிகளையும் மாற்றச் சொல்கிறது. 'கட்டுப்படியானால்' என்று அதிலும் ஒரு வால்! எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் கட்டுப்படியாகாது என்றுதானே சொல்லுவார்? சென்னையில் 2024-ல் விட்ட தாழ்தள பஸ், ஸ்டாப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கிறது. வீடியோவில் அதைப் பார்த்த அத்தை, "பஸ்ஸே குனியுதேடா!" என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டப்படி, பார்வையில்லாதவருக்கு வழிகாட்டும் நாய்கூட அவரோடு பஸ் ஏறலாம். நம் ரயிலில் வளர்ப்பு நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் தனி அறையையே பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டிக் கூண்டுதான். இதை அத்தையிடம் சொன்னேன். "நாய்க்கு ஃபர்ஸ்ட் கிளாஸா? அப்ப என்னை ஏண்டா பஸ்ல கூட்டிட்டு வந்தே?"

கல்யாண மண்டபத்து வாசலில் பதினோரு படி. சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டேன். 'ஓ, இருக்கே!' என்று பின்பக்கம் கூட்டிப்போனார்கள். சமையல்கட்டுக்கு அண்டா ஏற்றுகிற சாய்தளம்! தேங்காய் மூட்டைக்கும் வாழை இலைக்கட்டுக்கும் நடுவே அத்தை உள்ளே நுழைந்தார். தலைமைச் சமையற்காரர் மரியாதையாக ஒரு கரண்டி சாம்பார் கொடுக்க, "உப்பு பத்தலை" என்றார் அத்தை. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பந்தி திருத்தப்பட்டது.

திரும்பும்போது கார்தான் பிடித்தேன். தெருமுனையில் இறங்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வீடு வரை லேசான இறக்கம்.

"கையை எடுடா" என்றார்.

"வேணாம் அத்தை..."

"சைக்கிள் பழகுனப்ப பின்னாடி பிடிச்சுக்கிட்டே வந்தவளும் இப்படித்தான் பயந்தா. எடுடா!"

எடுத்தேன். அத்தை இரண்டு கையாலும் சக்கரத்தை உந்திக்கொண்டு போனார். நான் கூடவே ஓடினேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.