உள்ளே வந்த மொழியிலேயே வெளியேறவும் வழி வேண்டும்

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் இணையதள வடிவமைப்பு குறித்து கார்வேட்டிநகரம் வட்டாரத் தமிழ்ப் பயனர்களின் நிலைப்பாடு

கார்வேட்டிநகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் தமிழ் பேசும் குடும்பங்களின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருவர் எந்த மொழியில் பொருளை வாங்கினாரோ, சந்தாவில் சேர்ந்தாரோ, தன் விவரங்களைப் பயன்படுத்தச் சம்மதம் கொடுத்தாரோ, அதே மொழியில், அதே சுலபத்தோடு பொருளைத் திருப்பி அனுப்பவும், சந்தாவை நிறுத்தவும், சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அது எந்த மொழி என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதை வைத்து நிறுவனம் ஊகிக்கக் கூடாது.

இதைப் பேச எங்கள் ஊருக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீன் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் வகுத்துக் கொடுத்த எல்லைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றோம். அதன் விளைவு இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். பாட்டி தமிழ் படிப்பார், தெலுங்கு எழுத்து தெரியாது. பேரன் வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் பள்ளியில் கற்றது தெலுங்கு எழுத்து. நடுவில் இருப்பவர்கள் இரண்டையும் எழுத்துக்கூட்டிச் சமாளிப்பார்கள். இந்த ஊர்ச் சமஸ்தானத்தில் சாரங்கபாணி தெலுங்கில் இயற்றிய பதங்கள் தமிழ்நாட்டு பரதநாட்டிய மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. இரண்டு மொழிகளோடும் வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல, சுமையும் அல்ல. தெலுங்கின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறோம்.

ஆனால் இணையதளங்களுக்கு இந்த வீடு புரிவதில்லை. பின்கோடு ஆந்திரா என்றதும் பல தளங்கள் தெலுங்கை முன்னால் வைக்கின்றன, அல்லது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகின்றன. தமிழில் வைத்திருந்த செயலி, புதுப்பித்த பிறகு வேறு மொழியில் திறந்தது என்று எங்கள் உறுப்பினர்கள் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதற்குத் தொழில்நுட்பச் சிக்கலைக் காரணம் காட்ட முடியாது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போதே, பயனர் விரும்பும் மொழிகளின் வரிசையை உலாவி அந்தத் தளத்துக்கு அனுப்பிவிடுகிறது. போனின் அமைப்பிலும் அந்த விருப்பம் பதிவாகி இருக்கிறது. கையில் தரப்பட்ட பதிலை ஒதுக்கிவிட்டு இருப்பிடத்தைத் துருவிப் பார்ப்பது வடிவமைப்பாளர் எடுத்த முடிவு. அந்த முடிவு மாற வேண்டும்.

சரியான வழி இருக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டும் இருக்கிறது. கூகுளின் இந்திய முகப்புப் பக்கத்தில் தேடல் கட்டத்துக்குக் கீழே ஒன்பது இந்திய மொழிகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் அதன் சொந்த எழுத்தில், வரிசையாக இருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குத் தன் மொழி உடனே படும். ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து சிறிது என்ற குறையைத் தவிர அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. மற்ற நிறுவனங்களின் செயலிகளில் மொழி மாற்றும் இடம் கணக்கு, அமைப்புகள் என்று இரண்டு மூன்று அடுக்குகளுக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவருக்காக வைத்த வசதியை அடைய ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு மொழியையும் எழுத்து மொழியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும் என்றும் கேட்கிறோம். 2017 ஆகஸ்டிலேயே கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் தெலுங்கையும் சேர்த்தது. எங்கள் ஊர் இளைஞர் தமிழில் பேசித் தேடி, விடையைத் தெலுங்கு எழுத்தில் படிக்க விரும்பலாம். ஒரு கணக்குக்கு ஒரே மொழி என்ற ஏற்பாடு அவருக்குப் பொருந்தாது. ஓசூரில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து வரும். சித்தூர் மாவட்டத்தின் உருதுக் குடும்பங்களின் நிலை எங்களைவிட மோசம்; வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்குப் பல தளங்களில் இடமே இல்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 2020 ஜூனில் ஃபிளிப்கார்ட்டும் செப்டம்பரில் அமேசானும் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளில் கடை திறந்தன. அது நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் பொதுவாக இணைய வணிகத்தில் எங்கள் உறுப்பினர்கள் காண்பது இது: வரவேற்பு, தள்ளுபடி, வாங்கும் பொத்தான் எல்லாம் தமிழில் இருக்கும். திருப்பி அனுப்பும் நிபந்தனை, உத்தரவாத விவரம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற சிறிய வரி, புகார்ப் படிவம் ஆகியவை ஆங்கிலத்தில் இருக்கும். பணம் உள்ளே போகும் பாதையை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, வெளியே வரும் பாதையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பாதித் தமிழைவிட முழு ஆங்கிலமே மேல் என்பது எங்கள் கருத்து. முழு ஆங்கிலம் என்றால் எங்கள் ஆட்கள் முதலிலேயே மீ சேவா என்ற அரசுச் சேவை மையத்திலோ படித்த பிள்ளையிடமோ கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். தமிழில் தொடங்கினால் நம்பி இறங்கிவிடுகிறார்கள். பாதி வழியில் மொழி மாறும்போது பணம் கட்டியாகிவிட்டது.

வெளியே போகும் வழியை வேண்டுமென்றே கடினமாக்குவது பெரிய நிறுவனங்களுக்குப் புதிதல்ல. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் பாதை நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகள் கொண்டது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்துக்குள் அந்தப் பாதைக்கு வைத்திருந்த பெயர் ‘இலியட்’, அதாவது முடியாமல் நீளும் கிரேக்கப் போர்க் காவியம். நம் பக்கத்தில் என்றால் மகாபாரதம் என்று பெயர் வைத்திருப்பார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில் அந்த நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. குக்கீகளை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. பயனரை ஏமாற்றும் இத்தகைய ‘டார்க் பேட்டர்ன்’ உத்திகளில் 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் பட்டியலிட்டுத் தடுத்தது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, பொய்யான அவசரம் காட்டுவது, சந்தாவில் சிக்கவைப்பது எல்லாம் அதில் உண்டு. நடுவழியில் மொழியை மாற்றுவது மட்டும் அதில் இல்லை. தேவையான தகவலை மறைத்து வேண்டியதை மட்டும் தூக்கிக் காட்டும் திரை அமைப்பு அந்தப் பட்டியலில் ஒரு வகை. விலையைத் தமிழிலும் நிபந்தனையை ஆங்கிலத்திலும் வைப்பது அந்த வகைக்குள்தான் வரும் என்று நாங்கள் கருதுகிறோம். ஆணையம் இதை வெளிப்படையாகச் சொல்லி, பட்டியலை விரிக்க வேண்டும். 2025 ஜூனில் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. தன் கடைத் தராசைத் தானே சோதித்துத் தானே முத்திரை குத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியார் தணிக்கை வேண்டும், அதில் இந்திய மொழிப் பக்கங்களைக் கடைசிப் படி வரை போய்ப் பார்க்க வேண்டும்.

சம்மதம் பற்றிய சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் தேர்வைப் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது. கொடுத்த சுலபத்தோடு சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பயனர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்த அவகாசம் தேவையே இல்லை. சம்மதப் பக்கத்தை இப்போதே தமிழில் தரலாம்.

எழுத்தின் தோற்றம் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ் வாசகம் பாதியோடு நின்று மூன்று புள்ளியாகிறது. வரி உயரம் போதாத இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி வெட்டுப்படுகிறது. அது போனால் எழுத்தே வேறாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, மாந்தோப்பு வெயிலில் போனைத் திறப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று இணையத்துக்கான சர்வதேச அணுகல் நெறிகள் சொல்கின்றன. 2023 அக்டோபரில் வந்த 2.2ஆம் பதிப்பு, விரலால் தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களும் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. மொழிக்கும் அதே நியாயம் நீள வேண்டும் என்பது எங்கள் வாதம்.

இவ்வளவு மொழிகளில் செய்யச் செலவாகுமே என்பார்கள். எல்லாப் பக்கத்தையும் நாங்கள் கேட்கவில்லை. கோடிக்கணக்கான பொருள்களின் வர்ணனை எந்திர மொழிபெயர்ப்பில் வரட்டும், சிரித்துக்கொண்டே படிக்கிறோம். விலை, நிபந்தனை, சம்மதம், ரத்து, திருப்பி அனுப்புதல், புகார் ஆகிய பக்கங்கள் சில டஜன்தான் இருக்கும். அவற்றை மட்டும் தமிழ் தெரிந்த மனிதர் எழுதி, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். விளம்பரத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைக்கும்போது இதற்கும் கிடைப்பார்.

ஆந்திர அரசு 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் வழியே தொடங்கிய ‘மன மித்ர’ சேவையில் தமிழுக்கு இடம் வேண்டுமா என்பது அரசோடு பேச வேண்டியது. அதை இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை.

எங்கள் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்து செய்ய முடியாமலோ, புரியாத மொழியில் நிபந்தனை வந்ததாலோ பணம் போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அங்கே தமிழ், தெலுங்கு உட்பட 17 மொழிகளில் புகார் சொல்லலாம். அழைப்பதற்கு முன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் மொழி மாறியது என்பது அதில் தெரிய வேண்டும்.