‘வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லை

பாகப்பிரிவினை முடிந்த பிறகு எந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று கணக்குப் பார்ப்பது ஊர் வழக்கம். பீட்டில்ஸ் இசைக்குழு விஷயத்தில் இந்தக் கணக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. 1970 ஏப்ரலில் பால் மெக்கார்ட்னி விலகல் செய்தியை வெளியிட்டபோது, நால்வரில் ஒருவருக்குக்கூட முப்பது வயது நிரம்பவில்லை. உலகின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுவின் வேலை முடிந்துவிட்டது. வாழ்க்கை பாக்கி இருந்தது.

அன்று பலரும் போட்ட கணக்கு எளிமையானது. பாடல்களில் பெரும்பகுதி ‘லென்னன் - மெக்கார்ட்னி’ என்ற இரட்டைப் பெயரில் வந்தவை. ஆகவே அந்த இருவரும் கொடிகட்டிப் பறப்பார்கள். ஜார்ஜ் ஹாரிசன் ஏதோ சமாளிப்பார். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் காணாமல் போவார்.

அமெரிக்க விற்பனைப் பட்டியல் வேறு கதை சொன்னது. தனிப்பாடல் வரிசையில் முதலிடத்தை முதலில் பிடித்தவர் ஹாரிசன் (1970). அடுத்து மெக்கார்ட்னி (1971). மூன்றாவதாக ரிங்கோ (1973). குழுவைத் தொடங்கிய ஜான் லென்னன் கடைசியாகத்தான் (1974) அங்கே வந்து சேர்ந்தார். அதுவும் எல்டன் ஜானைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பாடிய பாட்டில்.

ஹாரிசனின் வேகத்துக்குக் காரணம் உண்டு. குழுவில் இருந்தவரை ஒரு ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாடல்கள்தான் அவருக்குப் பங்கு. மற்றவை பெட்டிக்குள் தூங்கின. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்ற பாடலை 1969 ஜனவரியில் நால்வரும் ஒத்திகை பார்த்து, பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே தலைப்பில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பை ஹாரிசன் வெளியிட்டார். அணை உடைந்தது போலிருந்தது. 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று, வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு காட்சிகள் நடத்தினார். இன்று ராக் இசைக் கலைஞர்கள் நடத்தும் நிவாரண நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. ரிங்கோ வந்து வாசித்தார். லென்னனும் மெக்கார்ட்னியும் வரவில்லை.

ஆனால் ஹாரிசனை உச்சிக்குக் கொண்டுபோன ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டே அவரைக் கோர்ட்டுக்கும் இழுத்தது. ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு 1963ல் பாடிய ஒரு பாட்டின் மெட்டு அதில் இருக்கிறது என்று வழக்கு. தெரிந்து திருடவில்லை, ஆழ்மனத்தில் இருந்தது வெளியே வந்துவிட்டது என்று 1976ல் தீர்ப்பானது. எதையும் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளாத பழைய கூட்டாளிகள் பக்கத்தில் இருந்திருந்தால், ‘இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே’ என்று ஒரு குரல் எழுந்திருக்குமோ என்று தோன்றுவது இயல்பு.

நால்வரின் தனிப்பாதையையும் புரிந்துகொள்ள இந்தக் குரல்தான் திறவுகோல். பீட்டில்ஸில் எந்தப் பாட்டும் மற்ற மூவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ‘இந்த வரி வேண்டாம்’, ‘இந்த இடம் இழுக்கிறது’ என்று சொல்ல ஆளிருந்தது. ஹாரிசனுக்கு அது தடையாக இருந்தது. லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் அது உரைகல்.

பிரிந்த பிறகு மெக்கார்ட்னி முதல் ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தார். மனைவி லிண்டாவுடன் சேர்ந்து வெளியிட்ட ‘ராம்’ (1971) விற்றது, விமர்சகர்கள் சாடினார்கள். அதில் லென்னனைக் குத்திய ஒரு பாட்டுக்கு, லென்னன் அதே ஆண்டு ‘இமேஜின்’ ஆல்பத்தில் பச்சையாகவே பதில் கொடுத்தார். அந்தப் பதில் பாட்டுக்கு கிதார் வாசித்தவர் ஹாரிசன். நிர்வாகியாக ஆலன் கிளைனை நியமித்ததை ஏற்காத மெக்கார்ட்னி, கூட்டைக் கலைக்கக் கோரி 1970 டிசம்பரில் மற்ற மூவர் மீதும் லண்டனில் வழக்குத் தொடர்ந்திருந்தார். 1973ல் மற்ற மூவரும் அதே கிளைனுடன் உறவை முறித்துக்கொண்டார்கள். அவர் சொன்னது சரியாகிவிட்டது. அதற்குள் நட்பு போயிருந்தது.

மெக்கார்ட்னியின் தனிப்பாதையில் உச்சமாகப் பலர் குறிப்பிடுவது ‘பேண்ட் ஆன் தி ரன்’ (1973). நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குக் கிளம்பும் நேரத்தில் அவரது ‘விங்ஸ்’ குழுவில் இருவர் விலகினார்கள். அங்கே போனதும் கத்தி முனையில் வழிப்பறி. பாடல்களின் மாதிரிப் பதிவுகளும் பறிபோயின. மிச்சமிருந்த மூன்று பேர் செய்த ஆல்பம் அது. கூட்டாளி செய்த வேலையை அந்த முறை கஷ்டம் செய்தது என்று சொல்லலாம். விற்பனைதான் அளவுகோல் என்றால் மெக்கார்ட்னிதான் ஜெயித்தவர். பிரிட்டனில் 20 லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் தனிப்பாடல் அவருடைய ‘மல் ஆஃப் கின்டயர்’ (1977). 2022ல், எண்பது வயது முடிந்து ஒரு வாரத்தில், கிளாஸ்டன்பரி விழாவில் பெருங்கூட்டத்தின் முன் பாடினார். ஆனால் அவரிடம் நல்லதும் சாதாரணமும் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தன. பிரித்துக் கொடுக்க ஆளில்லை.

லென்னன் கதை நேர்மாறு. 1970 டிசம்பரில் வந்த ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’ ஆல்பத்தில் சிறு வயதில் விட்டுப் பிரிந்த தாயையும் தந்தையையும் கூவி அழைத்தார். அலங்காரமே இல்லாத அந்த ஆல்பத்தைக் குழு அப்படியே வெளியே விட்டிருக்காது. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லாததால் கிடைத்த லாபம் அது. அதே சுதந்திரம் 1972ல் ‘சம் டைம் இன் நியூயார்க் சிட்டி’யில் அவரைக் கவிழ்த்தது. அன்றாட அரசியல் செய்திகளையே பாட்டாக்கிய அந்த ஆல்பத்தை ரசிகர்களும் கைவிட்டார்கள். 1975ல் மகன் ஷான் பிறந்ததும் ஐந்தாண்டுகள் வீட்டோடு இருந்தார். 1980 நவம்பரில் ‘டபுள் ஃபேண்டசி’யுடன் திரும்பினார். டிசம்பர் 8 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டு உழைப்பை ஐம்பதாண்டு உழைப்போடு ஒப்பிடுவது நியாயமான கணக்கு அல்ல. ‘இமேஜின்’ பாட்டு பிரிட்டனில் முதலிடம் வந்ததே அவர் இறந்த பிறகு, 1981 ஜனவரியில்தான்.

யாரும் பொருட்படுத்தாத ரிங்கோவிடம்தான் கதையின் இனிய பகுதி இருக்கிறது. 1973ல் வந்த ‘ரிங்கோ’ ஆல்பத்துக்கு லென்னன் ஒரு பாட்டு கொடுத்தார். மெக்கார்ட்னி ஒன்று கொடுத்தார். ஹாரிசன் சேர்ந்தே எழுதிய ‘ஃபோட்டோகிராஃப்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றிருந்த நான்கு பேர் ஒரே உறைக்குள் சேர்ந்தார்கள். தன் குரலின் எல்லை தெரிந்த ரிங்கோவுக்கு உதவி கேட்கக் கூச்சமில்லை. 1989ல் தொடங்கிய ‘ஆல் ஸ்டார் பேண்ட்’டிலும் அதே முறை: தன் பாட்டு சில, கூட வருகிறவர்கள் பாட்டு சில. 2025 ஜனவரியில், 84 வயதில், நாட்டுப்புறச் சாயல் கொண்ட அமெரிக்க ‘கன்ட்ரி’ பாணியில் புதிய ஆல்பம் வெளியிட்டார்.

ஹாரிசனும் பிற்காலத்தில் கூட்டத்தைத்தான் தேடிப் போனார். 1988ல் பாப் டிலன் உள்ளிட்ட நால்வரைச் சேர்த்து ‘டிராவலிங் வில்பரிஸ்’ என்று பாடினார். 1996ல் சென்னைக்கு வந்து, ரவிசங்கரின் ‘சான்ட்ஸ் ஆஃப் இந்தியா’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக உட்கார்ந்தார். தன் பெயரைப் பெரிதாகப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. 2001 நவம்பரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

கடைசியாக ஒரு பாட்டு. லென்னன் எழுபதுகளில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்த ‘நவ் அண்ட் தென்’. 1995ல் மிச்சமிருந்த மூவரும் அதை எடுத்து முடிக்கப் பார்த்தார்கள். ஒலி மோசமாக இருந்தது. ஹாரிசனுக்குப் பிடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்று மெக்கார்ட்னி பின்னாளில் சொன்னார். குழுவுக்குள் ஒலித்த கடைசி ‘வேண்டாம்’ அதுவாக இருக்கலாம். கம்ப்யூட்டர் உதவியால் லென்னனின் குரலைத் தனியே பிரித்தெடுத்து, ஹாரிசன் 1995ல் வாசித்த கிதாரையும் சேர்த்து, 2023 நவம்பரில் பாட்டு வெளிவந்தது. பிரிட்டனில் முதலிடம். மறுப்புச் சொன்னவருடைய குடும்பமும் சம்மதித்துத்தான் வந்தது. பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஹாரிசன் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் தெரியாது.