கடிதமா, கட்டளையா?

மின்னஞ்சலைப் படித்துச் சாரம் கூறும் செயற்கை அறிவுக் கருவிகள் காரியாலயங்களில் பரவி வருகின்றன. சௌகரியம் பெரிது, அபாயமும் சிறிதன்று. எஜமானன் இடும் கட்டளையையும், அந்நியன் எழுதிய கடித வாசகத்தையும் இக்கருவி ஒன்றாகவே வாசிக்கிறது. இரண்டையும் நிச்சயமாகப் பிரித்தறியும் விவேகம் அதற்கில்லை. ஆகவே, கடிதத்தினுள் வஞ்சகன் மறைத்து வைக்கும் உத்தரவுக்கும் அது கீழ்ப்படியக்கூடும்.

இது வெறும் கற்பனையன்று. 2025 ஜூனில் வெளியான ‘எக்கோலீக்’ விவகாரமே சாட்சி. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் ‘கோபைலட்’ கருவியில் இத்தகைய துவாரம் இருந்ததை எய்ம் ஸெக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். வஞ்சக மின்னஞ்சல் ஒன்று வந்து சேர்ந்தாற் போதும். பெற்றவர் அதைத் தொடாதிருப்பினும், பிறகு தம் வேலை பற்றிக் கருவியிடம் வினவும் தருணத்தில் ஸ்தாபனத்தின் அந்தரங்கங்கள் வெளியே கசிய வழியுண்டாயிற்று. கம்பெனி அத்துவாரத்தை அடைத்துவிட்டது. எவரும் நஷ்டமடையவில்லை என்றும் அறிவித்தது. ஆயினும் மூலதோஷம் நீங்கியதாகக் கொள்வதற்கில்லை.

பரிகாரம் யாது? அந்நியர் கடிதத்தை வாசிக்கும் கருவியிடம் அந்தரங்கப் பெட்டியின் சாவியையும், வெளியே தகவல் அனுப்பும் அதிகாரத்தையும் சேர்த்து ஒப்படைத்தலாகாது. உடையவர் சம்மதமின்றி ஒரு வரியும் வெளிச்செல்லலாகாது. ஊழியனின் சாமர்த்தியம் எவ்வளவாயினும், அவனது அதிகாரத்துக்கு எல்லை வேண்டும்.