மனப்பாரத்துக்கு மண்வெட்டி

கிளிநொச்சியிலே ஒருவரிடம் மனம் எப்படி என்று கேட்டால் சிரிப்பார். தலையிடி, நாரி உளைவு, நெஞ்சிடி, நித்திரை இல்லை என்பார். பரிசோதித்தால் பல வேளை நோய் அகப்படாது. 1995, 1996, 2008, 2009 என்று மூட்டை கட்டிய மக்களின் உடம்பு பேசுகிறது. இன்று கடன்காரர் வாசலில் நிற்கும் நாளிலும் பேசுகிறது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட 'மனவடு' இதை எமது மொழியிலேயே விளக்கியது.

அவர் சொன்ன தளர்வு முறைகள் எமக்குப் பழையவை: சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மூச்சை ஆறுதலாக நீட்டி விட்டால் இதயத்துடிப்புத் தணியும். கசிப்பும் நித்திரை தரும் என்கிறார்கள். நடுச்சாமத்தில் அதுவே எழுப்பிவிடும், காசும் போய்விடும்.

ஆனால் கமக்காரனைக் கண்மூடி இருத்துவது கடினம். நாலு பேர் கூடிப் பாத்தி கட்டுவதையே நான் முதலில் சொல்லுவேன். சொந்தக் காணியை இன்னும் மிதிக்காதவர்கள் உரப்பையில் மண் நிரப்பிக் கத்தரி, மிளகாய் நடலாம். கை வேலையில் இருக்கும்போதுதான் எம்மவர் வாய் திறக்கும். பக்கத்தில் நிற்பவர் புத்தி சொல்லாமல் கேட்டாற் போதும்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை குழம்பினாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையில் மனநல வைத்தியரைக் காணுங்கள். 1926 இலக்கத்துக்கும் பேசலாம். விசர் என்று ஊர் சொல்லுமே என்று கூசுகிறவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.