உறையிலிட்டு வைப்போம் ஒரு மடல்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்களில் செப்ரெம்பர் மாதம் தனிச்சிறப்புடையது. ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் ரொறன்ரோ, யோர்க், வாட்டர்லூ, மக்மாஸ்டர் எனப் பல பல்கலைக்கழகங்களில் எமது இளையோர் ஆண்டுதோறும் முதன்முறையாகக் கால் பதிக்கின்றனர். மடிக்கணினி வாங்கியாகிவிட்டது. விடுதிக்குச் செல்வோருக்கு மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டியாகிவிட்டது. அறிவுரைகளுக்கும் குறைவில்லை. இவற்றோடு இன்னுமொன்றையும் செய்யுமாறு இளையோரை வேண்டுகின்றோம். பட்டம் பெறும் நாளில் நீங்கள் யாராக இருப்பீர்களோ, அவருக்கு இந்த முதல் வாரத்திலேயே ஒரு மடல் எழுதி, உறையிலிட்டு ஒட்டி வையுங்கள்.

இது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின் எமது சமூகத்தில் இதற்கு வலுவான காரணம் உண்டு.

எமது இளையோர் பல்கலைக்கழகத்திற்குத் தனியாகச் செல்வதில்லை. ஒரு வரலாற்றையும் சுமந்தே செல்கின்றனர். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், கூடுதலான புள்ளிகள் பெற்ற தமிழ் மாணவர்களுக்கும் மருத்துவ, பொறியியல் பீடங்களின் கதவை அடைத்தது. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. 1990களில் எரிபொருள் தடையின் நடுவே ஜாம் போத்தல் விளக்கில் படித்து, 1995இன் வலிகாமம் இடப்பெயர்வில் புத்தகங்களைக் கைவிட்டு நடந்தவர்களே இன்றைய பெற்றோரில் பலர். தமக்குக் கிட்டாத கல்வி தம் பிள்ளைக்குக் கிட்டவேண்டும் என அவர்கள் விரும்புவதில் தவறேதுமில்லை. ஆனால் அந்த விருப்பத்தின் எடையால், "நீ எதற்காக இதைப் படிக்கின்றாய்?" என்ற கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே போய்விடுகின்றது.

இதன் விளைவு முதலாம் ஆண்டிலேயே தெரியத் தொடங்குகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் எடுத்துப் பழகிய பிள்ளை, முதற் பருவத் தேர்வில் அறுபதைக் காண்கின்றது. இது பலருக்கும் நேர்வதே. ஆயினும் அதை வீட்டில் சொல்லத் துணிவு வருவதில்லை. இங்குள்ள பல்கலைக்கழகங்கள் மாணவரின் இசைவின்றிப் பெறுபேறுகளைப் பெற்றோருக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே அந்த மௌனம் ஓராண்டு, ஈராண்டு எனவும் நீளக்கூடும். உரிய தேதிக்கு முன் ஒரு பாடத்தை விலக்கிக்கொள்ளவும், துறை மாறவும், ஓராண்டு கூடுதலாகப் படிக்கவும் வழிகள் உள்ளன. வாய் திறக்காதவருக்கு அவ்வழிகளால் பயனில்லை.

பிறரிடம் சொல்லமுடியாததை முதலில் தன்னிடமாவது சொல்லிப் பழகுவதற்கு இம்மடல் உதவும். இந்தத் துறையை நான் விரும்பித் தேர்ந்தேனா, அல்லது மறுக்க முடியாமல் ஏற்றேனா? எதற்கு அஞ்சுகின்றேன்? சறுக்கினால் முதலில் யாரிடம் சொல்வேன்? அவரது பெயரை எழுதுங்கள். பட்டத்தைத் தவிர வேறெதை இந்த நான்கு ஆண்டுகளில் இழக்காமல் காப்பேன்? அம்மம்மாவோடு தமிழில் பேசும் வாராந்தத் தொலைபேசி அழைப்பா, மிருதங்கமா, நெடுநாள் நட்பா? விடைகள் சரியாக இருக்கவேண்டியதில்லை. உண்மையாக இருந்தாற் போதும்.

கனடாவில் பொறியியல் பட்டம் பெறுவோர் வேலை செய்யும் கையின் சிறுவிரலில் இரும்பு மோதிரம் அணிவதைப் பலரும் அறிவர். கியூபெக் பாலம் கட்டப்படும்போதே 1907இல் இடிந்து வீழ்ந்து 75 தொழிலாளர்களைப் பலிகொண்டது. பொறியியலாளரின் பொறுப்பை நினைவூட்டும் உறுதியேற்புச் சடங்கு 1925இல் மொன்றியலில் தொடங்கியது. வரையும்போதும் எழுதும்போதும் அம்மோதிரம் தாளில் உரசி, ஏற்ற உறுதியை நினைவூட்டும் என்பதே அதன் பொருள். அந்த உறுதி கல்வியின் முடிவில், பிறர் எழுதிய சொற்களில் ஏற்கப்படுவது. கல்வியின் தொடக்கத்தில், தன் சொந்தச் சொற்களில் தனக்குத் தானே ஏற்கும் உறுதியும் வேண்டாமா?

எம்மொழியில் எழுதுவது? தமிழில் எழுத முடிந்தவர்கள் தமிழிலேயே எழுதுங்கள். முடியாதவர்கள் தமக்கு வசமான மொழியில் மனந்திறந்து எழுதி, ஒரு வரியையேனும் தமிழில் சேருங்கள். நான்கு ஆண்டுகளின் பின் அந்த ஒரு வரி உங்களுக்கு எளிதாகத் தெரிகின்றதா, கடினமாகத் தெரிகின்றதா என்பதே உங்களுக்கு ஒரு செய்தி சொல்லும்.

கணினித்துறையில் இருந்துகொண்டே சொல்கின்றோம்: தாளில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் அன்று நாம் தட்டச்சு செய்து வைத்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே திறக்கின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகிள் 2023இல் அறிவித்தது. தாளுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, மாற்றியும் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அம்மடலில் என்ன எழுத வேண்டும் எனச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உறையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். மாறாக, நீங்களும் ஒரு மடல் எழுதுங்கள். உங்கள் பதினெட்டாம் வயதில் நீங்கள் எதை விரும்பினீர்கள், எது பறிபோனது என்பதை எழுதுங்கள். பிள்ளை என்ன ஆகவேண்டும் என்பதை அதில் எழுதவேண்டாம். பட்டமளிப்பு நாளில் இரு உறைகளும் ஒன்றாகத் திறக்கப்படட்டும்.

சனிக்கிழமைகளில் இயங்கும் எமது தமிழ்ப் பாடசாலைகள் தமது மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதனை ஓர் இறுதிப் பயிற்சியாக வழங்கலாம். புள்ளியிடாத, ஆசிரியரும் படிக்காத ஒரேயொரு கட்டுரையாக அது அமையட்டும். செலவு ஒரு தாளும் ஓர் உறையும் மட்டுமே.

தரப்படுத்தல் எமது முன்னையோரிடமிருந்து பறித்தது பல்கலைக்கழக இடங்களை மட்டுமன்று, தாம் விரும்பியதைத் தெரிந்தெடுக்கும் உரிமையையுமே. இன்று இடங்கள் கிடைத்துள்ளன. அந்த உரிமையையும் எமது பிள்ளைகளிடம் கையளிப்போமாக.